மதியத் தூக்கமும் சங்கிலி விதியும்

வில்லாரிக்கா,
செவ்வாய்க்கிழமை மாலை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை தெர்லிஸ் அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எர்மினியோ வேரா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாமியார் ஒப்துலியாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். மனதைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன். தலைநகரில் நீங்களும் என் மகள் சுனில்டாவும் வெயிலில் வாடாமலும், வேலையில் தேயாமலும், வேளைக்குக் குளிர்ந்த தெரெரே குடித்துக்கொண்டும் இருக்க காக்குப்பே மாதா துணை நிற்கட்டும்.

கணினிக்காரருக்குக் காகிதத்தில் கடிதமா என்று கேட்பீர்கள். மின்னஞ்சல் அனுப்பினால் நீங்கள் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிடுகிறீர்கள். என் பல்வலியைப் பற்றி எழுதியதற்கும் அதே கட்டைவிரல்தான் வந்தது. அதனால் இந்தக் கடிதத்தை உங்கள் மாமியார் சுட்ட சிபா ரொட்டிப் பொட்டலத்தின் அடியில் வைத்து நாளைக் காலை பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். சிபா தீர்ந்தால்தான் கடிதம் கண்ணில் படும், ஆகவே நாளை மதியத்துக்குள் படித்துவிடுவீர்கள் என்று நம்புகிறேன்.

விஷயம் இதுதான். நீங்கள் எனக்காகக் கட்டிக்கொடுத்த கணிதப் பாட வலைத்தளத்திலிருந்து என் வீடியோக்கள் அத்தனையையும் வியாழக்கிழமை விடிவதற்குள் அழித்துவிட வேண்டும். மாட்டையும் எடுத்துவிட வேண்டும். இடது மூலையில் இருக்கிற அந்தக் குமிழையும் விடக்கூடாது. காரணம் கேட்காமல் செய்யுங்கள் என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் நீங்கள் காரணமில்லாமல் எதையும் செய்பவரில்லை, காரணம் இருந்தாலும் தாமதமாகத்தான் செய்பவர். ஆகவே முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கல்லூரித் துறைத் தலைவி டாக்டர் நிமியா அயாலாவை உங்களுக்குத் தெரியும், உங்கள் கல்யாணத்தில் கேக்கை அளவுகோல் வைத்தது போல் வெட்டிக்கொடுத்தவர். எங்கள் முதலாண்டு மாணவர்களில் பாதிப் பேர் கரும்பு ஆலையில் வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள். மீதிப் பேர் மழை பெய்தால் செம்மண் சாலையில் சிக்கிக்கொண்டு வராமலே போகிறவர்கள். கணிதத்தில் தோற்றுப் படிப்பை விடுகிறவர்களே அதிகம் என்பதால், சென்ற ஆண்டு அவர் என்னைக் கூப்பிட்டு, "தோன் எர்மினியோ, பாடத்த வலைத்தளத்துல போடுங்க. வீடியோ வேணும், அசையுற படம் வேணும், சத்தம் வேணும். வராதவங்க வீட்டுலயாவது பாக்கட்டும்" என்றார். அடுத்த பேச்சுதான் முக்கியம். "வர்ற வருஷம் கமிட்டி முடிவு பண்ணும். உங்க தளம் உதவுச்சுன்னா நீங்க இன்னும் மூணு வருஷம் இருக்கீங்க. இல்லன்னா வெளிநாட்டுலேர்ந்து ரெடிமேட் பாடம் வாங்கிக்கிறோம்." அந்த ரெடிமேட் பாடத்தை எனக்குப் போட்டும் காட்டினார். வெள்ளைப் பல் வாலிபன் ஒருவன் ஆகாயத்தில் மிதந்துகொண்டே வகைக்கெழுவைப் பற்றிப் பேசுகிறான். நான் ஓய்வு வயதைத் தாண்டியவன், மாப்பிள்ளை. வகுப்பு இல்லாவிட்டால் எனக்கு மிச்சமிருப்பது உங்கள் மாமியாரின் சமையலறையில் மரவள்ளிக்கிழங்கு தோலுரிக்கிற வேலைதான். அந்தக் கமிட்டிதான் இந்த வியாழக்கிழமை கூடுகிறது.

நீங்கள் உங்கள் பங்கைச் செய்தீர்கள், இல்லையென்று சொல்லமாட்டேன். அந்த வளைவரையும் அதன் மேல் ஊரும் தொடுகோடும் இருக்கிறதே, குமிழை இழுக்க இழுக்கத் தொடுகோடு வளைவின் முதுகில் ஏறி, உச்சியில் ஒரு கணம் படுத்து, மறுபக்கம் சரிந்ததை முதன்முதலில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷமும் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு, கையை முழங்கையோடு சாய்த்துச் சாய்த்து நான் காட்ட முயன்றது அதைத்தான். ஆனால் நீங்கள் இடக்கைப் பழக்கமுள்ளவர் என்பதற்காக அந்தக் குமிழை அடியில், இடது மூலையில் வைத்தீர்கள் பாருங்கள், கல்லூரி முழுக்க என்னைத்தான் திட்டினார்கள். குமிழை இழுக்கப்போய்ப் போனைக் கீழே போட்டவர்கள் பட்டியல் என்னிடம் இருக்கிறது.

பிறகு மாடு. ஒவ்வொரு பாடத்தின் கடைசியிலும் கேள்விகள். விடை சரியென்றால் யாழ் ஒலிக்கும், அது நன்றாகத்தான் இருக்கிறது. தப்பென்றால் மாடு கத்தும் என்பதை நீங்கள் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. முதல் வாரம் மாணவர்கள் எல்லாரும் கல்லூரி நூலகத்தில் ஒன்றாக உட்கார்ந்து கேள்விகளைப் போட்டார்கள். நூலகத்திலிருந்து கிளம்பிய சத்தத்தைக் கேட்டு, மேய்ச்சல் மாடுகள் வளாகத்துக்குள் புகுந்துவிட்டன என்று காவலாளி கயிற்றோடு ஓடிவந்தார்.

இவையெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம் வீடியோ. காலையில் பதிவு செய்யலாமென்றால் பக்கத்து வீட்டு இறைச்சிக்கடை போர்ஃபிரியோவின் சேவல். நான் "ஆகவே" என்று சொல்லும்போதெல்லாம் அது தன் முடிவைச் சொல்லும். சேவல் ஓய்ந்தால் கரும்பு லாரிகள். மாலையில் சைலன்சர் கழற்றிய மோட்டார் சைக்கிள்கள். மழை வந்தால் தகரக் கூரையில் என் பாடம் முழுகிப்போகும். இந்த ஊரில் அமைதியான நேரம் ஒன்றே ஒன்றுதான், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊரே தூங்குகிற நேரம். அப்போது பதிவு செய்கிறேன் என்று உங்கள் மாமியாரிடம் சொன்னேன்.

"செய்ங்க, யாரு வேணாங்குறா?" என்றாள். "ஆனா என் தூக்கத்துல மட்டும் கை வெச்சீங்க, அந்த போர்டத் தூக்கிக் கோழிக்கு வேலியா கட்டிருவேன்."

அவள் படுக்கும் அறைக்கும் என் கரும்பலகைக்கும் நடுவே இருப்பது ஒரு பலகைத் தட்டி. ஆகவே, மாப்பிள்ளை, முதல் பாடத்திலிருந்து கடைசிப் பாடம் வரை எல்லாவற்றையும் நான் குசுகுசுவென்றுதான் நடத்தியிருக்கிறேன். "ஒரு சார்பு ஒரு புள்ளியில் தொடர்ச்சியானது என்றால் என்ன பொருள்" என்பதை யாரோ ஒருவரின் கள்ளத்தொடர்பைச் சொல்வது போல் சொல்லியிருக்கிறேன். போதாக்குறைக்கு, புதிதாகக் கட்டிய பல் இன்னும் சரியாகப் பொருந்தவில்லை. உரக்கப் பேசினால் தெரியாது. மெல்லப் பேசினால் வார்த்தைக்கு நடுவே சின்னதாக ஒரு விசில் வந்துவிடுகிறது. போனை நிறுத்த இடமில்லாமல் அலமாரியின் உச்சியில் கட்டினேன், அதனால் நானே முழங்கால் உயரம்தான் தெரிகிறேன். நீங்கள் அனுப்பிய விளக்கைப் போட்டேன், என் வெள்ளைத் தலை சோளக்கதிர் நிறத்துக்கு மாறிவிட்டது. பலகையைச் சுட்டிக்காட்டும் கோல் வீடியோவில் தெரியவில்லை, மஞ்சள் பெயிண்ட் அடியுங்கள் என்றீர்கள், அதையும் அடித்தேன். மருமகன் சொன்ன எதையும் தட்டாத மாமனார் இந்த நாட்டில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

இப்படிப்பட்ட வீடியோக்களை யார் பார்ப்பார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் யார் யார் எப்போது பார்த்தார்கள் என்று காட்டும் ஒரு பக்கத்தைத் திறக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள் அல்லவா, அதைத் திறந்து பார்த்தால் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது! எங்கள் கல்லூரியில் முதலாண்டில் இருக்கும் எல்லாரும், அவர்களுடைய அப்பா அம்மாவும், அவர்கள் வளர்க்கும் கோழிகளும் சேர்ந்து பார்த்தாலும் அந்த எண்ணிக்கை வராது. நான் தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன். சட்டைக்கு இஸ்திரி போடச் சொன்னேன். டாக்டர் நிமியாவிடம் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, "இத்தன பேரு பாக்குறாங்க, சரி. அப்புறம் மார்க்கு ஏன் ஏறல?" என்றார்.

அந்தக் கேள்வி என் மண்டைக்குள் புகுந்துகொண்டது. நான் ஒரு கணிதக்காரன், மாப்பிள்ளை. விடை தெரியாத கேள்வி ஒன்று வீட்டில் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. உட்கார்ந்து யோசித்தேன். வெளியூர்க்காரர்கள் பார்க்கிறார்களோ? இல்லை, முக்கால்வாசியும் எங்கள் பேட்டைதான். எண்ணும் எந்திரம் தப்பாக எண்ணுகிறதோ? அப்படியென்றால் நாள் முழுக்கத் தப்பாக எண்ண வேண்டுமே, இதுவோ காலையில் ஒன்றுமில்லை, மாலையில் ஒன்றுமில்லை, சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் குபீரென்று ஏறுகிறது. அதுவும் ஓர் ஆறேழு நிமிடம் ஓடும், பிறகு யாரும் தொடமாட்டார்கள். சில வீடுகளில் மட்டும் மறுபடி முதலிலிருந்து ஆறேழு நிமிடம். நான் கண்டுபிடித்த விடை எனக்கே புல்லரித்தது: வில்லாரிக்கா மக்கள் தங்கள் மதியத் தூக்கத்தைத் தியாகம் செய்து கணிதம் படிக்கிறார்கள்! நம் நாட்டில் எத்தனை புரட்சி நடந்திருந்தாலும் மதியத் தூக்கத்தை விட்டுக்கொடுத்த புரட்சி ஒன்றுகூடக் கிடையாது.

இன்னொரு புதிரும் இருந்தது. எல்லாரும் ஆறேழு நிமிடத்தில் நிற்க, ஒரே ஒருத்தி மட்டும் கடைசிவரை போகிறாள். குமிழை இழுக்கிறாள். கேள்விகளுக்கு விடை போடுகிறாள், ஒன்றுகூடத் தப்பில்லை. பெயர் அராமி. பிள்ளை பிறந்ததும் வகுப்புக்கு வருவதை நிறுத்தியவள், பெயர் மட்டும் பதிவில் இருக்கிறது. நான் இத்தனை வருஷத்தில் தப்பே செய்யாத மாணவரைக் கண்டதில்லை. காப்பியடிக்கிறவர்கள்கூட மரியாதைக்கு இரண்டு தப்பைச் சேர்த்துக்கொள்வார்கள். யாரோ அவளுக்குப் போட்டுக்கொடுக்கிறார்கள் என்று முடிவுகட்டினேன். ஆனாலும் யாரென்று தெரிந்துகொள்ள அரித்தது.

ஆகவே இன்று சாப்பிட்டதும், நாய்க்குப் பயந்து கையில் அந்தக் கோலையும் எடுத்துக்கொண்டு, நான் தெருவில் இறங்கினேன். மதியத் தூக்க நேரத்தில் தெருவில் இறங்குவது எப்பேர்ப்பட்ட காரியம் என்று உங்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் வெளியே நடமாடுகிறவன் யாசி யாதெரே ஒருவன்தான். உங்கள் அம்மாவும் அவனைச் சொல்லித்தானே உங்களைப் படுக்கவைத்திருப்பார்கள்: பொன்முடிக் குள்ளன், கையில் பொற்கோல், தூங்காத பிள்ளையைத் தேடி வந்து விசிலடித்துக் காட்டுக்குள் அழைத்துப் போகிறவன். தெரு அப்படி வெறிச்சென்று கிடந்தது. வெயில் பிடரியில் அடித்தது. போர்ஃபிரியோ வீட்டுச் சன்னலைத் தாண்டும்போது ஒரு குரல் கேட்டது. "எல்லை என்பது நாம் நெருங்கிக்கொண்டே இருக்கும் இடம்..." என் குரல்! அடுத்த சன்னல், "நெருங்குவது வேறு, சென்றடைவது வேறு..." அதுவும் நான்தான். மூலைவீட்டில் நான், மருந்துக்கடைக்காரர் வீட்டில் நான். எங்கள் தெரு முழுக்க நான் குசுகுசுவென்று பேசிக்கொண்டும் லேசாக விசிலடித்துக்கொண்டும் இருந்தேன். மாப்பிள்ளை, அந்த ஒரு நிமிடம் நான் அடைந்த சந்தோஷத்தை என் கல்யாணத்தன்றுகூட அடைந்ததில்லை. (இந்த வரியை உங்கள் மாமியாருக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.)

சந்தோஷம் தாங்காமல் போர்ஃபிரியோவின் சன்னலில் எட்டிப் பார்த்தேன். அந்த மனிதர் மல்லாந்து கிடக்கிறார். வயிற்றின் மேல் போன். போனில் நான். அவர் மூச்சு விடும்போதெல்லாம் நான் ஏறி இறங்குகிறேன். வாய் பிளந்து அப்படி ஒரு குறட்டை. பக்கத்தில் மனைவி, மச்சினி, வேலையாள் எல்லாரும் வரிசையாகத் தூங்குகிறார்கள். அடுத்த வீட்டிலும் அப்படியே. மருந்துக்கடைக்காரர் மனைவி தெய்தாமியா மட்டும் கொஞ்சம் விழிப்பாக இருந்தாள். என்னைச் சன்னலில் கண்டதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, தோன் எர்மினியோவா! நான் வேற யாரோன்னு நெனச்சிட்டேன்."

"என் பாடத்த எதுக்குப் போட்டுருக்கீங்க?" என்றேன்.

"உங்க பாடம் இல்லாம இப்ப இந்தத் தெருவுல யாரு கண்ண மூடுறா? எங்க வீட்டுக்காரரு மாத்திரையவே நிறுத்திட்டாரு. அந்த எல்லைன்னு ஒண்ணு நடத்துறீங்களே, ஆறு நிமிஷம், ஆளு காலி! சின்னதுங்க ரெண்டும் இருக்கே, அதுங்களுக்கு அதுகூட வேணாம். உங்க மூஞ்சியப் பாத்தாலே போதும், டப்புன்னு கண்ண மூடிக்குதுங்க."

நான் அவளுக்கு நன்றி சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். கால் தானாக நடந்தது. என் வாழ்நாள் உழைப்பு ஒரு மருந்துக்கடை மாத்திரைக்கு மாற்றாக முடிந்ததை நினைத்துக்கொண்டே போனவன், சந்தைக்குப் பின்னால் அராமியின் வீட்டுச் சன்னல் முன்னால் நின்றேன். அவளும் படுத்துத்தான் கிடந்தாள். வலது கை மேல் இரண்டு வயதுப் பையன் தூங்குகிறான். தெரெரே குடுவையில் சாய்த்து வைத்த போனில் நான். ஆனால் அவள் கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறிவிட்டது. இடது கை விரலை உதட்டில் வைத்து, "உஷ்" என்று சைகை காட்டி, போங்கள் போங்கள் என்று விரட்டினாள். நான் வாயைத் திறக்கக்கூட இல்லை. கடைசியில் என் பாடத்தை முழுவதும் கேட்கும் ஒரே மாணவியும் என்னை ஈ ஓட்டுவது போல் ஓட்டிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து உங்கள் மாமியாரிடம் சொன்னேன். அவள் ஆறுதல் சொல்வாள் என்று நான் எதிர்பார்த்தது என் தப்புத்தான். தூண் ஒன்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இதுல அழுவ என்ன இருக்கு? உங்க கிளாஸ்ல அத்தன வருஷமும் பெஞ்சுல கழுத்து வலிக்கத் தூங்குன பசங்க. இப்ப அவங்க குடும்பமும் கட்டில்ல காலு நீட்டித் தூங்குது. முன்னேத்தம்தான!" என்றாள்.

டாக்டர் நிமியா வியாழக்கிழமை கமிட்டியில் அந்த எண்ணிக்கைப் பக்கத்தை மணிவாரியாகத் திறந்து எல்லாருக்கும் காட்டப்போகிறாராம். மதியம் இரண்டு மணிக்கு ஊரே ஏன் கணிதம் படிக்கிறது என்று அவர் கேட்டால் நான் என்ன சொல்வேன்? தாலாட்டுப் பாடி வெளியேற்றப்பட்டவன் என்பதைவிட, வீடியோவே இல்லாததால் வெளியேற்றப்பட்டவன் என்பது கௌரவம். ஆகவே எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். புதுப் பல் வைத்தியரிடம் வெள்ளிக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன், விசிலுக்கும் முடிவுகட்டுகிறேன். விளக்கைத் திருப்பி அனுப்புகிறேன். கோலை அடுப்பில் வைக்கச் சொல்லிவிட்டேன், உங்கள் மாமியார் இன்னும் வைக்கவில்லை.

என் மகளிடம் மரவள்ளிக்கிழங்குத் தோலுரிக்கும் நல்ல கத்தி ஒன்று வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் கை தொட்டதெல்லாம் துலங்கட்டும், வீட்டில் மின்சாரம் தடைபடாதிருக்கட்டும், மாதா உங்கள் இருவர் தலைமேலும் கைவைத்துக் காக்கட்டும்.

நொந்த மனத்துடன்,
உங்கள் அன்பு மாமனார்,
எர்மினியோ வேரா

பி.கு. இன்று வியாழக்கிழமை மாலை. எதையும் அழிக்காதீர்கள்!

பஸ்காரர்கள் வேலைநிறுத்தம் செய்து இரண்டு நாள் வண்டியை நிறுத்தியதால் இந்தக் கடிதம் வீட்டிலேயே கிடந்தது. சிபாவை நானே தின்றுவிட்டேன், இதோடு வருவது வேறு சிபா. உங்களுக்குப் போன் செய்து சொல்லிவிடலாமே என்று உங்கள் மாமியார் சொன்னாள், செய்தேன். உங்கள் போன் மணி ஒலித்துக்கொண்டே இருந்தது, பிறகு ஒரு கட்டைவிரல் வந்தது. நீங்கள் போனை எடுக்காததால் வீடியோக்கள் அப்படியே இருந்ததைக் கண்டு நேற்று ராத்திரி உங்களைச் சபித்தேன். அதையும் இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

கமிட்டியில் நடந்ததைக் கேளுங்கள். டாக்டர் நிமியா அந்தப் பக்கத்தைத் திறந்து, "தோன் எர்மினியோ, ஊரே மத்தியானம் ரெண்டு மணிக்குக் கணக்கு படிக்குதா?" என்று கேட்டேவிட்டார். நான் அவித்த கிழங்கு மாதிரி எழுந்து நின்று, உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று தொண்டையைச் செருமினேன். அந்த நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு அராமி வந்தாள். தோளில் பையன் தூங்குகிறான், கையில் ஒரு விண்ணப்பம். வகுப்புக்கு வராவிட்டாலும் கடைசிப் பரீட்சை எழுத அனுமதி வேண்டுமாம்.

"வகுப்புக்கே வராம எப்படிம்மா..." என்று டாக்டர் நிமியா தன் வழக்கமான குரலில் ஆரம்பித்தார்.

"மெதுவா, மேடம்" என்றாள் அராமி. "இப்பத்தான் தூங்குனான்."

டாக்டர் நிமியாவை மெதுவாகப் பேசச் சொன்ன முதல் ஆள் இவள்தான் என்று நினைக்கிறேன். ஆச்சரியம், அவரும் குரலைத் தாழ்த்தினார். அதன்பிறகு கமிட்டி முழுவதும் குசுகுசுவென்றே நடந்தது. அவர் பலகையில் x வர்க்கத்தின் சைன் என்று எழுதி, "இதோட வகைக்கெழு?" என்று மூச்சுக்காற்றில் கேட்டார். அராமி பையனைத் தோளில் சரியாகச் சாய்த்துக்கொண்டு, சாக்பீஸை இடது கையில் வாங்கி எழுத ஆரம்பித்தாள்.

"மொதல்ல வெளிய இருக்கறத மட்டும் தொடணும், மேடம். சைன் வந்து கோசைன் ஆயிரும். உள்ள x வர்க்கம் தூங்குது, அத எழுப்பவே கூடாது, அப்படியே வெக்கணும். அப்புறமா உள்ள இருக்கறத எழுப்பி, அதோட வகைக்கெழுவ எடுத்துப் பெருக்கணும். ரெண்டு x."

"எதுக்குப் பெருக்கணும்? ஏன் கூட்டக் கூடாது?" என்றார் டாக்டர் நிமியா. சங்கிலி விதியில் எங்கள் மாணவர்களில் பத்தில் ஒன்பது பேர் விழும் குழி அது.

"குமிழ இழுத்துப் பாத்தா தெரியுமே மேடம். உள்ள இருக்கறது மூணு மடங்கு வேகமா ஓடுது, வெளிய இருக்கறது அதப்போல ரெண்டு மடங்கு ஓடுது. அப்ப மொத்தம் ஆறு மடங்கு. அஞ்சு எப்படி வரும்?"

நான் உட்கார்ந்துவிட்டேன், மாப்பிள்ளை. அவள் எழுதிய அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் கண்ணில் தண்ணீர் வந்ததை அங்கே எல்லாரும் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று டாக்டர் நிமியா கேட்டார். அராமி என்னைக் கைகாட்டினாள். "மத்தியானம் புள்ள என் வலது கை மேலதான் தூங்குவான். அசைஞ்சா முழிச்சிக்குவான். போன நிறுத்தக்கூட எந்திரிக்க முடியாது. ஒரு மணி நேரம் வேற என்ன பண்றது? சார் பேசுறதக் கேட்டுக்கிட்டே கெடப்பேன். மொதல்ல மண்ணு மாதிரி ஒண்ணும் புரியல. ஒருநாள் இடது கட்டவெரலுக்கு அந்தக் குமிழ் எட்டுச்சு. இழுத்து இழுத்து வெளையாடுனேன், அதுலேர்ந்து புடிச்சது."

"ஒரு தப்புகூட இல்லையே, எப்படி?" என்று நான் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"தப்பு போட்டா மாடு கத்துது, சார்! இவன் முழிச்சிக்கிறான். ஒருதடவ கத்தி, அப்புறம் மூணு மணி வரைக்கும் அழுதான். அதுலேர்ந்து நல்லா யோசிச்சு, பேப்பர்ல போட்டுப் பாத்து, சரின்னு தெரிஞ்சாத்தான் அமுக்குவேன்." அன்றைக்குச் சன்னலில் அவள் என்னை விரட்டியதும் அதற்காகத்தானாம். கடைசிக் கேள்வியின் கடைசி வரியில் இருந்திருக்கிறாள்.

எல்லாரும் மெல்லத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். என் குசுகுசுக் குரலைப் பற்றியும், அதில் இருக்கும் தாய்மை கலந்த சாந்தத்தைப் பற்றியும், அது பிள்ளைகளை எப்படித் தூங்கவைக்கிறது என்பதைப் பற்றியும் நாலு வார்த்தை பேசலாமென்று, அடுப்புக்குத் தப்பி என்னோடு வந்திருந்த கோலை எடுத்துக்கொண்டு நான் பலகைக்குப் போனேன். அப்போது பையன் விழித்துக்கொண்டான். தலையைத் தூக்கினான். சன்னல் வெயிலில் நின்ற என்னைப் பார்த்தான், என் தலையைப் பார்த்தான், கோலைப் பார்த்தான். நான் அன்பாக, "என்ன, சின்னய்யா?" என்றேன். பல் விசிலடித்தது. அவ்வளவுதான், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அம்மா தோளில் பலகை மாதிரி விறைத்துப் படுத்துவிட்டான்.

அறையே அவனைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. அராமி முகமெல்லாம் சிவந்து, "சார், கோவிச்சுக்காதீங்க" என்றாள். "இது நான் ஆரம்பிச்சது இல்ல, மருந்துக்கடை அக்காதான் மொதல்ல ஆரம்பிச்சாங்க. தூங்காத பசங்களுக்கு... உங்க வீடியோவப் போட்டு, பாரு யாசி யாதெரே வந்துட்டாரு, கண்ண மூடுன்னு..."

டாக்டர் நிமியா மேசைமேல் கவிழ்ந்து சிரித்தார். குசுகுசுவென்று சிரிக்க முடியாது என்பதை அப்போது தெரிந்துகொண்டேன். குரலும் இல்லை, சாந்தமும் இல்லை, மாப்பிள்ளை. எங்கள் தெருவின் பெரியவர்கள் என் பாடத்தில் சலித்துத் தூங்குகிறார்கள், சிறியவர்கள் என் முகத்துக்குப் பயந்து தூங்குகிறார்கள், நடுவே ஒருத்தி அசைய வழியில்லாமல் சங்கிலி விதியைக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

அராமிக்கு அனுமதி கிடைத்தது. எனக்கு இன்னும் மூன்று ஆண்டு கிடைத்தது. ஆகாயத்தில் மிதக்கும் வாலிபன் வேண்டாமென்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். பையனை யாரும் எழுப்பாமல் எல்லாரும் நுனிக்காலில் வெளியே வந்தோம். வாசலில் டாக்டர் நிமியா என் காதருகே வந்து, "என் பேரன் மத்தியானத்துல படுக்கவே மாட்டேங்கிறான். எந்தப் பாடத்துலேர்ந்து ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டார். தொடர்ச்சியிலிருந்து ஆரம்பியுங்கள், அதில்தான் நான் கேமராவுக்குப் பக்கத்தில் வருகிறேன் என்றேன்.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படியுங்கள். குமிழ் இடது மூலையிலேயே இருக்கட்டும், மாடு கத்திக்கொண்டே இருக்கட்டும், விளக்கை நான் அனுப்பவில்லை. பல் வைத்தியருக்கு வேறு வேலை வந்துவிட்டதாகச் சொல்லிவிட்டேன். கத்தி வேண்டாம். என் மகளிடம் சொல்லி, அந்த மஞ்சள் பெயிண்ட் ஒரு டப்பா மட்டும் வாங்கி பஸ்ஸில் போட்டுவிடுங்கள், கோலின் நுனியில் உதிர ஆரம்பித்திருக்கிறது. பொன்னிறமே கிடைத்தால் இன்னும் நல்லது.